தொட்டிலில் பார்த்ததோடு சரி

எங்கள் பக்கம் ஒரு பெண் குழந்தை பிறந்தால் அதன் உடம்பில் யாரும் பார்க்காத இடம் என்று ஒன்று இருக்காது. மிட்வைஃப் மிஸ் பார்ப்பார். அம்மாயி பார்ப்பார். குளிப்பாட்டித் துடைத்து மடியில் போட்டிருக்கும்போது பக்கத்துக் காம்பராக்காரியும் எட்டிப் பார்ப்பார். கொஞ்சம் சிவந்திருந்தாலும் லயம் முழுக்கச் செய்தி போய்விடும். அதே பிள்ளை பெரிய பிள்ளையாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அவளே பார்ப்பதில்லை. பிறகு எப்போது பார்க்கிறார்கள் என்றால், வயிற்றில் இன்னொரு பிள்ளை இருக்கும்போது. அந்தப் பிள்ளை வெளியே வந்ததும் எல்லார் கண்ணும் மறுபடி தொட்டிலுக்கே போய்விடும்.

இதைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன். "பொம்பளைங்க விஷயம்" என்று ஆண்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது பல வீடுகளில் நீங்கள்தான்.

நான் டொக்டர் இல்லை. மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ரத்தோட்டை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால், கிளினிக்குக்குப் போகும் பெண்கள் "டீச்சர், நீங்களும் கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று, டொக்டர்மார் கேட்கும் கேள்விகளையும் இவர்கள் சொல்லாமல் விழுங்கும் பதில்களையும் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஆர்வம் வந்தது. பிறகு தேடி வாசித்தேன். தெரிந்த மிட்வைஃப்மாரைப் பிடித்து நச்சரித்தும் நிறையத் தெரிந்துகொண்டேன்.

முதலில் கைக்குழந்தை.

பிறந்து மூன்று நான்கு நாளான பெண் குழந்தையின் துணியில் ஒரு சொட்டு இரத்தம் பட்டிருக்கும். தாய்க்கு உயிரே போய்விடும். அம்மாயிமார் இதற்கென்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். உண்மையில் நடப்பது இதுதான்: வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஈஸ்ட்ரஜன் குழந்தைக்கும் போய்க்கொண்டிருந்தது. தொப்புள்கொடி அறுந்ததும் அது சட்டென்று நின்றுவிடுகிறது. மாதவிடாயில் நடப்பதே இந்தக் குட்டி உடம்பிலும் ஒருமுறை நடந்து முடிகிறது. கொஞ்சம் வெள்ளையும் படும். சில நாளில் தானாக நின்றுவிடும், வைத்தியம் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது தொப்புளிலிருந்தும் கசிகிறது, ஊசி போட்ட இடத்திலும் நிற்காமல் வருகிறது என்றால் அது வேறு கதை. அப்போது உடனே ஆஸ்பத்திரி.

துணியில் செங்கல் தூள் போல இளஞ்சிவப்பாகப் படிவதும் உண்டு. அது இரத்தமே இல்லை, சிறுநீரில் உள்ள யூரேட் உப்பு. பால் போதாமல் சிறுநீர் கெட்டியாகும்போது அதிகம் தெரியும். அதைப் பார்த்ததும் மிட்வைஃப் முதலில் கேட்பது, "எத்தனை தடவை பால் குடுக்கிறீங்க?" என்பதுதான். அம்மாவோ இரத்தத்தைப் பற்றிக் கேட்டால் இவர் பாலைப் பற்றிக் கேட்கிறாரே என்று முழிப்பார்.

அடுத்தது, எங்கள் ஊரில் மிக அதிகமாகப் பீதியைக் கிளப்பும் சமாச்சாரம். ஆறு மாதம், ஒரு வயது ஆனபின் ஒருநாள் பார்த்தால், "டீச்சர், புள்ளைக்கு வழியே இல்ல." உதடுகள் இரண்டும் ஒட்டி, நடுவில் மெல்லிய வெளிறிய கோடு மட்டும் தெரியும். சிறுநீர் போக மேலே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். பிறவிக் கோளாறு, ஆப்பரேஷன், எதிர்காலத்தில் கலியாணம் என்று ஒரே மூச்சில் எங்கேயோ போய்விடுவார்கள். டொக்டர் கேட்கும் முதல் கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்: பிறந்தபோது சரியாக இருந்ததா? இருந்தது என்றால் பெரும்பாலும் இது ஒட்டிக்கொண்டதுதான். பிறந்த நேரத்தில் தாயின் ஹோர்மோன் அந்தத் தோலைத் தடிப்பாக வைத்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் காவல் போய்த் தோல் மெலிந்துவிடுகிறது. ஈரமும் மலமும் சோப்பும் பட்டுப் புண்ணாகி ஆறும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து ஒட்டிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பெரிய பிள்ளையாகும் வயதுக்குள், சொந்த ஹோர்மோன் சுரக்கத் தொடங்கியதும், தானாகவே பிரிந்துவிடும். சிறுநீர் போகச் சிரமம், அடிக்கடி தொற்று என்று இருந்தால் ஈஸ்ட்ரஜன் கிரீம் தருவார்கள். கையால் இழுத்துப் பிரிக்கவே கூடாது. அந்த வலியைப் பிள்ளை மறக்காது, ஆறும்போது முன்னைவிட மோசமாக ஒட்டும்.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான், அல்லது பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை என்றால் அதைத் தள்ளிப் போடக் கூடாது. அட்ரினல் சுரப்பிக் கோளாறு ஒன்று இருக்கிறது. அது இருந்தால் பெண் குழந்தையின் உறுப்பு ஆண் குழந்தையினுடையது போலத் தடித்துத் தெரியும். வெளியே தெரிவது இவ்வளவுதான். உள்ளே உடம்பு உப்பைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது வாரத்தில் வாந்தி, சோர்வு, எடை ஏறாமை, பிறகு மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், 17 ஹைட்ரொக்சி புரொஜெஸ்டெரோன் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். இதே கோளாறு உள்ள ஆண் குழந்தை வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். அதனால்தான் ஆண் பிள்ளைகளில் இது தவறிப் போகிறது. பேர் வைக்கும் அவசரத்தில் யாரும் "இது பையன்தான்" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரத்தப் பரிசோதனை முடியும்வரை பேர் காத்திருக்கட்டும்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. விதை இறங்காவிட்டால் ஆறு மாதம்வரை பொறுக்கலாம், அதற்குப் பிறகு சத்திரசிகிச்சை டொக்டரிடம் காட்ட வேண்டும். முன்தோலைப் பின்னால் இழுத்துச் சுத்தம் செய்யாதீர்கள். சிறுநீர் வளைந்து தூரமாகப் போகிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா என்று கவனியுங்கள். சொட்டாகப் போனால் அடைப்பு இருக்கலாம்.

இனிக் காய்ச்சல். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், இருமல் இல்லை, சளி இல்லை, காது சிவக்கவில்லை. இப்படி வரும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கும். அந்தக் குழந்தை "நீர் கடுக்குது" என்று சொல்லாது. பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிணுங்கும். பிறந்த குழந்தையின் மஞ்சள் இரண்டு வாரம் தாண்டியும் தெளியவில்லை என்றாலும் சிறுநீர் பார்க்கச் சொல்வது இதனால்தான். பிறந்த முதல் சில மாதங்களில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இது அதிகம். பிறகுதான் கணக்கு மாறுகிறது.

சிக்கல் எல்லாம் சிறுநீரைப் பிடிப்பதில்தான். ஒட்டுகிற பிளாஸ்டிக் பையில் பிடித்தால் தோலில் உள்ள கிருமியும் சேர்ந்துவிடும். அந்தப் பையில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம், இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது. அதனால் பால் கொடுத்து, வெறும் தண்ணீரால் கழுவி, குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போத்தலும் கையுமாகக் காத்திருக்கச் சொல்வார்கள். இதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டு வைத்தியர்கள் 2013இல் ஒரு வழி சொன்னார்கள்: அடிவயிற்றில் விரலால் மெல்லத் தட்டி, பிறகு இடுப்பின் பின்பக்கத்தை நீவிவிட வேண்டும். பச்சைக் குழந்தைகளில் பெரும்பாலானவை நிமிடக் கணக்கில் சிறுநீர் விட்டன. 2017இல் மெல்பேர்னில் இன்னும் எளிதாக்கினார்கள்: குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தேய்ப்பது. எங்கள் அம்மாயிமார் "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பிக் காலில் தண்ணீர் விட்டு இருக்கவைப்பார்களே, இதெல்லாம் அதற்குச் சொந்தம்தான்.

தோட்டத்துப் பெண்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. "வரும்போது யூரின் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். இவர்கள் விடியற்காலையில் போத்தலில் பிடித்து, ஹேண்ட்பேக்கில் வைத்து, மேல் தோட்டத்திலிருந்து நடந்து இறங்கி, ரத்தோட்டையில் பஸ் பிடித்து, மாத்தளைக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். வழியில் அந்தப் போத்தலுக்குள் என்ன நடக்கும்? ஈகோலை கிருமிக்குச் சூடும் நேரமும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். போத்தலில் ஒன்றிரண்டாகப் போனது மேசைக்குப் போகும்போது படையாக நிற்கும். கல்ச்சருக்கான சிறுநீரைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகே அங்கே பிடித்துக் கொடுங்கள். பிடித்துக் கொடுத்த பிறகே அன்டிபயட்டிக் முதல் வேளை. இந்த வரிசை மாறினால் ரிப்போட்டில் வருவதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு மில்லிலீட்டரில் 1 இலட்சம் கிருமி இருந்தால் தொற்று என்று ஒரு கணக்கு ரிப்போட்டுகளில் ஓடுகிறது. பொஸ்டனில் எட்வேர்ட் காஸ் என்ற வைத்தியர் 1950களில் பெரிய பெண்களைப் பரிசோதித்துச் சொன்ன கணக்கு அது. குழந்தைக்குக் குழாய் வைத்து எடுத்த சிறுநீரில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் தொற்று என்றுதான் எடுப்பார்கள். "ஒரு இலட்சம் இல்லையே, பிறகு ஏன் மருந்து?" என்று டொக்டரோடு சண்டைக்குப் போன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அவர் கேட்டதில் தப்பில்லை, பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. குழந்தைக்குத் தொற்று உறுதியானால் பிறகு சிறுநீரக ஸ்கேன். சிறுநீர் பையிலிருந்து மேலே திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க, தேவைப்பட்டால் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை மாதிரி இடத்துக்கு அனுப்புவார்கள். அதற்கு எழுதித் தரும் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். வடு விழுந்த சிறுநீரகம் இருபது வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். சிறுநீரக நோயால் வில்கமுவப் பக்கம் ஏற்கெனவே படும் பாடு எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நாலைந்து வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அரிப்பு, சிவப்பு, கொஞ்சம் வெள்ளை என்று வரும். பாமசியில் பெரியவர்களுக்கான பங்கஸ் கிரீமைக் கொடுத்துவிடுவார்கள். அந்த வயதில் பங்கஸ் அபூர்வம். இராத்திரியில்தான் அரிக்கிறது என்றால் கீரிப்பூச்சி. பூச்சி மருந்தை வீட்டில் எல்லாருமே குடிக்க வேண்டும். நாற்றமும் இரத்தமும் கலந்து வந்தால் உள்ளே ஏதாவது போயிருக்கலாம், விளையாட்டில் ஒரு கடதாசித் துண்டுகூட. பெரும்பாலும் காரணம் சோப்பு, பவுடர், பேபி கொலோன், இறுக்கமான நைலோன் உள்ளாடை. வெறும் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். இன்னொரு காரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளையை யாராவது தொட்டிருக்கலாம். டொக்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிப் பிள்ளையிடம் பேசினால் கோபப்படாதீர்கள். 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைதான் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் திரைக்குப் பின்னால் போகிறாள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை மாதத்துக்கு ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வீட்டில் "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி" என்றார்கள். பதினைந்து நடக்கிறது, இன்னும் பெரிய பிள்ளையாகவில்லை. நேர்த்தி வைத்தார்கள். முத்துமாரியம்மன் தேருக்கு வந்தபோதும் அதே வேண்டுதல். ஒருநாள் சிறுநீரே போகாமல் அடைத்துக்கொண்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் உள்ள மெல்லிய சவ்வில் துவாரம் இல்லை, மாதாமாதம் வந்த இரத்தம் அவ்வளவும் உள்ளேயே தேங்கியிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, சின்ன வெட்டு, மறுநாள் வீடு. கண்ணால் பார்த்தாலே போதுமான நோய்க்கு அவள் அவ்வளவு மாதம் வலி தின்றாள், ஏனென்றால் அந்த வயதில் பார்க்கக் கூடாது. பெண் பிள்ளைக்குப் பதினைந்து முடிந்தும் வரவில்லை, அல்லது பதின்மூன்று ஆகியும் மார்பு வளர்ச்சிக்கு ஒரு அறிகுறியும் இல்லை என்றால் காட்டுங்கள். நேர்த்தியை அதன்பிறகு நிறைவேற்றலாம், அம்மன் கோபிக்க மாட்டாள்.

கலியாணமாகி, பிள்ளை உண்டானதும் அரசாங்கமே அவளைத் தேடி வரும். இதில் இலங்கையைக் குறை சொல்லவே முடியாது. கர்ப்பவதியாகப் பதிந்ததும் பிரஷர், சீனி, சிறுநீர், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அந்த இரத்தத்தில் சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் அடங்கும். தாய்க்கு ஒரு அறிகுறியும் இல்லாமல் சிபிலிஸ் இருக்கலாம். பார்க்காமல் விட்டால் பிள்ளை இறந்து பிறக்கலாம், அல்லது எலும்பிலும் கண்ணிலும் நோயோடு பிறக்கலாம். நேரத்துக்குப் பெனிசிலின் ஊசி போட்டால் தீர்ந்தது. இப்படிக் கர்ப்பவதிகளைப் பார்த்துப் பார்த்தே, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் போவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினோம். பணக்கார நாடுகள் பலவற்றுக்கு இன்றுவரை அது இல்லை. அந்தச் சான்றிதழில் ஏதாவது ஒரு மலையேறிப் போன ஒவ்வொரு மிட்வைஃபின் செருப்புத் தேய்மானமும் இருக்கிறது.

பிள்ளை பிறந்தபிறகு? கிளினிக் கொப்பி பிள்ளையின் பெயருக்கு மாறிவிடும். ஊசி எப்போது, எடை எவ்வளவு, எல்லாம் பிள்ளைக்கு. 84 நாள் லீவு முடிந்தால் தாய் கூடையோடு மலைக்கு. பிள்ளை காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு ஏறுவாள். மலையில் கக்கூஸ் கிடையாது. "தண்ணி குடிச்சா போவணுமே டீச்சர், அதான் குடிக்கிறதே இல்ல" என்பார்கள். நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று இதற்குமேல் ஆராய வேண்டுமா? கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. மத்தியானத்துக்குள் திரும்பினால் அரைப்பேர் கிடைக்கலாம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றி முடிவெடுக்கிறார்கள்.

அதனால் வெள்ளைபடுதலுக்கு மருந்து பாமசியில். சில நேரம் கணவன் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "வைஃபுக்கு உள்ளுக்கு வைக்கிற மாத்திரை" என்று வாங்கி வருவார். எந்த வெள்ளை என்று யார் பார்த்தது? மாதத்தின் நடுவில் தெளிவாக, நாற்றம் இல்லாமல் வருவது நோயே இல்லை. கட்டி கட்டியாக, தாங்க முடியாத அரிப்போடு வந்தால் பங்கஸ். அது திரும்பத் திரும்ப வந்தால் சீனி பார்க்க வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருப்பது இப்படித்தான் வெளியே வந்தது. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் வந்தால் பக்டீரியாச் சமநிலை குழம்பியிருக்கிறது. ஒரு துண்டு அமிலக் கடதாசி, ஒரு சொட்டுக் கார மருந்து, ஒரு நுணுக்குக்காட்டி இருந்தால் இருந்த இடத்திலேயே அதை உறுதி செய்யலாம். அதற்கான நான்கு அடையாளங்களை 1983இலேயே அம்செல் என்பவரும் கூட்டாளிகளும் எழுதி வைத்துவிட்டார்கள். பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி. அதை 1836இல் பாரிசில் அல்பிரட் டொனே நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டார். அது இருந்தால் கணவனுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பாமசியிலிருந்து வந்த ஒற்றைக் கிரீமுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது.

இந்த இடத்தில் இந்தியாவில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்லியே ஆக வேண்டும். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டம். அங்கே ராணி பங் என்ற பெண் மருத்துவரும் கணவர் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். வருத்தம் உண்டு என்று வந்தவர்களை மட்டும் இல்லை, இல்லை என்றவர்களையும் சேர்த்து. 1989இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 92 வீதமானவர்களுக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் வாழ்நாளில் ஒருமுறையாவது அதற்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றவர்கள் 8 வீதம். அதுவரை உலகமெங்கும் கிராமத்துப் பெண்ணின் ஆரோக்கியம் என்றால் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

இன்னொன்று கோவாவில். விக்ரம் பட்டேலும் குழுவினரும் 2005இல் வெளியிட்டது. வெள்ளைபடுகிறது என்று சொன்ன பெண்களைப் பரிசோதித்தால், அந்த முறைப்பாட்டுக்கும் கிருமித் தொற்றுக்கும் இருந்த தொடர்பைவிட, மனச்சோர்வுக்கும் வாழ்க்கைக் கஷ்டத்துக்கும் இருந்த தொடர்பு பலமாக இருந்தது. "எலும்பு உருகி வெள்ளையாப் போவுது, இடுப்பு விட்டுப் போவுது" என்று எங்கள் பெண்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சில டொக்டர்மார் இந்த இரண்டாவது ஆராய்ச்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு "ஒன்றுமில்லை, யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிருமி இல்லை என்று கோவாவில் சொன்னவர்கள் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். பார்க்காமல் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பார்ப்பது என்றால் மேசை, விளக்கு, ஸ்பெகுலம் என்ற கருவி. அந்தக் கருவிக்கும் ஒரு தோட்டக் கதை இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் ஒரு கரண்டியை வளைத்து உள்ளே பார்க்கும் கருவியாக்கினார். பிரசவத்தில் மூத்திரப்பை கிழிந்து ஓயாமல் சிறுநீர் வடிந்துகொண்டிருந்த அடிமைப் பெண்களை வைத்துத்தான் அவர் தன் சத்திரசிகிச்சையைப் பழகினார், மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அனார்க்கா என்ற பெண்ணை ஏறக்குறைய முப்பது தடவை அறுத்தார். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் அவருக்கு இருந்த சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். பெண்கள் மேசையில் ஏறத் தயங்கும்போது "வெக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வெட்கம் மட்டும் இல்லை. நீ இந்த இடத்தில் எதையும் மறுக்க முடியாது என்ற பழைய பயமும் அதில் உண்டு. "வலிச்சா சொல்லுங்க, உடனே நிப்பாட்டுறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கும் டொக்டரிடம் பெண்கள் சீக்கிரம் தளர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். "அடி தள்ளுது" என்பார்கள். கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கி, மூன்று நான்கு பிள்ளை பெற்று, சாயங்காலம் ஆனால் ஏதோ வெளியே வருவது போல இருக்கும். துணியை வைத்து அமுக்கிக்கொண்டு வருடக்கணக்கில் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். படுக்க வைத்து இருமச் சொன்னால் டொக்டருக்குத் தெரிந்துவிடும். எல்லாருக்கும் ஆப்பரேஷன் தேவையில்லை. உள்ளே வைக்கும் வளையம் ஒன்று இருக்கிறது, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் இடுப்படித் தசைப் பயிற்சியே போதும்.

இன்னொன்று, வயதானவர்களுக்கு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டியபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். "எனக்குத் திரும்ப வயசு வந்துருச்சு" என்று சிரித்துச் சொன்ன அம்மாயி ஒருவரை அடுத்த வாரமே இழுத்துக்கொண்டு போனோம். ஸ்கேனில் உள்ளுறையின் தடிப்பைப் பார்ப்பார்கள், நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அவருக்கு நல்லவேளையாக ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை, கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளம் அதுதான்.

பிள்ளை வயிற்றில் இல்லாத பெண்ணையும் பார்க்க இந்த நாட்டில் ஓர் இடம் இருக்கிறது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்களில் நடக்கும் வெல் வுமன் கிளினிக், சிங்களத்தில் சுவநாரி. 1996இல் தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை வரச் சொல்கிறார்கள். பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பார்த்து, கர்ப்பப்பையின் வாயிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி அனுப்புவார்கள். அதுதான் பெப் டெஸ்ட். ஜோர்ஜ் பாப்பனிக்கோலா என்ற கிரேக்கர் 1928இல் முதலில் சொன்னபோது யாரும் கணக்கில் எடுக்கவில்லை, 1943இல் புத்தகமாகப் போட்டபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த டெஸ்ட் தேடுவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப மாற்றங்களை. அதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பதினைந்து இருபது வருடம் எடுக்கும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. எங்கள் பாடசாலையில் 6ஆம் தரப் பெண் பிள்ளைகளுக்கு அந்த வைரசுக்கான ஊசி 2017இலிருந்து போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு. "கலியாணத்துக்கு இவ்வளவு காலம் இருக்கே, இப்பவே எதுக்கு?" என்று கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் வரும் அம்மாமாரிடம் நான் சொல்வது: போலியோ வந்தபிறகா போலியோ மருந்து குடுத்தோம்?

மகளுக்கு ஊசி போட வரும் அந்த அம்மாமாருக்கு வயது பெரும்பாலும் முப்பத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். "நீங்க கிளினிக் போனீங்களா?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்" என்பார்கள். ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கிளினிக். இரத்தம் படத் தொடங்கியபின் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரியின் வி.ஓ.ஜி. (பெண்நோய், மகப்பேற்று) டொக்டரிடம்.

ஆகவே, 35, 45 வயதில் இருக்கும் அக்காமார், தங்கச்சிமார் உங்கள் மிட்வைஃபிடம் கிளினிக் என்றைக்கு என்று கேளுங்கள். காசு கிடையாது. மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். முந்தின இரண்டு நாளும் உள்ளே கிரீமோ மாத்திரையோ வைக்க வேண்டாம், கணவனோடு சேரவும் வேண்டாம். அகலமான பாவாடை உடுத்திப் போங்கள், மேசையில் ஏற வசதி. மொழி தெரியாவிட்டால் தெரிந்த பெண் யாரையாவது கூட்டிப் போங்கள், பத்து வயது மகனை அல்ல. ரிப்போட் எப்போது வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அன்றைக்குத் திரும்பப் போய் வாங்குங்கள்.

அண்ணன்மாருக்கு ஒன்று மட்டும். கிளினிக் போகும் நாளில் அவளுக்கு ஒரு பேர் போகும். போனால் போகட்டும் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.